கழுத்துவலிக்குச் செலவிடும் முன்

கழுத்துச் சுளுக்கிக்கொண்டால் தலையணையை எடுத்து வெயிலில் போட வேண்டும் என்பது நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லிவந்த வைத்தியம். வலிப்பது கழுத்து, வெயில் காய்வது தலையணை. கேட்பவர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆயினும் அந்த வழக்கத்தில் ஒரு நல்ல ஒழுங்கு இருந்தது. வலி வந்த காலையில் அவர்கள் முதலில் பார்த்த இடம் படுக்கை. நாள்பட்டு அமுங்கிப்போன இலவம்பஞ்சு வெயிலில் காய்ந்து, தட்டிய பின் சற்று உப்பும். இழந்த உயரத்தில் ஒரு பகுதியேனும் திரும்பும். அன்றிரவு கழுத்துக்கு அது உதவியும் இருக்கலாம்.

இன்று அந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றால், முதலில் மருந்துக்கடைக்குச் செல்கிறோம். பிறகு தைலம், பிறகு கழுத்துப்பட்டை, பிறகு எக்ஸ்ரே, ஸ்கேன், இறுதியில் மாதத் தவணையில் ஒரு புதிய மெத்தை. இத்தனைக்கும் பிறகும் வலி போகாதபோதுதான், "நீங்கள் எப்படிப் படுத்து உறங்குகிறீர்கள்?" என்று யாரேனும் கேட்கிறார்கள். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதற்குப் பணச்செலவும் இல்லை. நாள்பட்ட கழுத்துவலியைக் கையாளுவதில் நமக்குக் குறைவாக இருப்பது மருந்து அன்று, வரிசை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மைசூரு போன்ற நகரில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பணி ஓய்வு பெற்றோர் விரும்பிக் குடியேறும் ஊர் என்று இதற்கு நெடுநாளாகப் பெயர். மாத ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துவோருக்கு, பயனற்ற ஒரு மருத்துவச் செலவு என்பது சிறிய செய்தி அன்று. மறுபுறம், சாமுண்டி எக்ஸ்பிரஸிலும் பேருந்துகளிலும் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் இளைஞர்களும் இங்கு இருக்கிறார்கள். இருக்கையில் அமர்ந்தபடியே, தலை மார்பில் கவிழ, அவர்கள் உறங்கும் உறக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கழுத்துவலி முதியோர் நோய் மட்டும் அன்று. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 20 கோடிப் பேர் கழுத்துவலியோடு வாழ்ந்தனர் என்று உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது மிகுதி என்பதும் அதே கணக்கெடுப்பு சொல்லும் செய்தி.

உறக்கத்தில் கழுத்துக்கு நேர்வது என்ன?

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. கழுத்தில் உள்ள 7 முள்ளெலும்புகளும், அவற்றைச் சூழ்ந்த தசைகளும் தசைநார்களும் இந்த எடையைப் பகல் முழுவதும் தாங்குகின்றன. இரவு என்பது அவற்றுக்கு ஓய்வு நேரம். தலையும் கழுத்தும் முதுகும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைந்தால்தான் அந்த ஓய்வு கிடைக்கும். தலை ஒருபுறம் மடிந்தோ முறுக்கியோ கிடந்தால், ஒரு பக்கத் தசை மணிக்கணக்கில் இழுபட்டும் மறுபக்கத் தசை சுருங்கியும் இருக்கும். விழித்திருக்கும்போது இத்தகைய நிலையில் 10 நிமிடம் இருந்தாலே நாம் தலையை நகர்த்திக்கொள்வோம். ஆழ்ந்த உறக்கத்தில் அந்த எச்சரிக்கை மங்கிவிடுகிறது.

படுக்கும் முறைகளில் கழுத்துக்கு மிகவும் பாதகமானது குப்புறப் படுப்பது. குப்புறப் படுப்பவர் மூச்சு விடுவதற்காக முகத்தை ஏதேனும் ஒரு பக்கம் திருப்பியே ஆக வேண்டும். கழுத்து திரும்பக்கூடிய எல்லையின் ஓரம் வரை அது திரும்பி, இரவெல்லாம் அப்படியே நிற்கிறது. நடு வயதைத் தாண்டியவர்களுக்குக் கழுத்தின் சுழலும் அளவே குறைந்துவிடும் என்பதால், இளமையில் தொல்லை தராத இந்தப் பழக்கம் 50 வயதுக்கு மேல் தொல்லை தரத் தொடங்குகிறது. "நாற்பது ஆண்டுகளாக இப்படித்தான் படுக்கிறேன், இப்போது மட்டும் ஏன் வலிக்க வேண்டும்?" என்று கேட்பவருக்கு விடை இதுதான்: பழக்கம் மாறவில்லை, கழுத்து மாறியிருக்கிறது.

மல்லாந்து படுப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் நல்லவை. ஆனால் இரண்டுக்கும் தலையணையின் உயரம் வேறு. மல்லாந்து படுக்கையில் தலையணை தாழ்வாக இருக்க வேண்டும். கழுத்தின் உள்வளைவை நிரப்ப வேண்டும். உயரமான தலையணை தலையை முன்னால் தள்ளி, முகவாயை மார்போடு சேர்த்துவிடும். ஒருக்களித்துப் படுக்கையில் நிலைமை வேறு. தோளின் அகலம் காரணமாகத் தலைக்கும் படுக்கைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டாகிறது. தலையணை அந்த இடைவெளியை நிரப்பும் அளவுக்கு இருக்க வேண்டும். தோள் அகன்றவருக்கு அது கூடுதல். ஒடுங்கிய தோளினருக்குக் குறைவு. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே அளவில் இரண்டு தலையணை வாங்குவது பார்வைக்கு அழகு. கழுத்துக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை.

எல்லோருக்கும் உகந்த தலையணை என ஒன்று உண்டா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பண்டைய எகிப்தியர் மரத்திலும் கல்லிலும் செய்த தலைதாங்கிகளில் உறங்கினர். சீனத்தில் பீங்கான் தலையணைகள் பல நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்தன. நம் திண்ணைகளில் மணைக்கட்டையைத் தலைக்கு வைத்துப் பகலுறக்கம் கொண்ட பெரியவர்களை இன்றும் பலர் நினைவில் வைத்திருப்பர். கோரைப்பாயில் கையை மடித்துத் தலைக்கு வைத்து உறங்கியவர் கோடிக்கணக்கானோர். பொருள் எதுவாயினும், படுப்பவரின் உடலுக்கும் படுக்கும் முறைக்கும் அது பொருந்துகிறதா என்பதே கேள்வி. விலைச்சீட்டு அந்தக் கேள்விக்கு விடை தராது.

செலவில்லாத சோதனை

உறக்கமே காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வலியின் நேரத்தைக் கவனித்தாலே பெரும்பாலும் தெரியும். காலையில் எழும்போது வலியும் இறுக்கமும் மிகுந்திருந்து, எழுந்து நடமாடி, வெந்நீரில் குளித்த பின் ஓரிரு மணி நேரத்தில் தளர்ந்தால், ஐயம் முதலில் படுக்கையின் மேல் விழ வேண்டும். காலையில் நலமாக இருந்து, மாலை ஆக ஆக வலி ஏறினால், கணினி மேசையையும் கைப்பேசியைக் குனிந்து பார்க்கும் வழக்கத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. வெளியூரில் வேறு படுக்கையில் உறங்கிய நாள்களில் வலி குறைந்திருந்தால் அதுவும் ஒரு சான்று.

வரவு செலவு எழுதும் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்கலாம். 14 நாள்கள், நாள்தோறும் இரு வரிகள்: காலை வலி பத்துக்கு எவ்வளவு, மாலை வலி பத்துக்கு எவ்வளவு, எந்த நிலையில் எழுந்தேன், எந்தத் தலையணை. கடன் கேட்டு வருபவரின் கணக்கைப் பார்க்காமல் எந்த வங்கியும் கடன் தருவதில்லை. நம் உடலின் கணக்கைப் பாராமலேயே நாம் பணத்தை இறைக்கிறோம் என்பது விந்தை. இந்தக் குறிப்பு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தாலும் பயன்படும். "எப்போதும் வலிக்கிறது" என்பதைவிட, "காலை 6 மணிக்கு வலி 7, காலை 9 மணிக்கு 2" என்பது மருத்துவருக்கு மிகுந்த தகவலைத் தரும்.

அடுத்து, படுக்கையில் செய்ய வேண்டிய மாற்றங்கள். ஒருக்களித்துப் படுத்திருக்கையில் வீட்டில் ஒருவரைப் பின்புறமிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தலையின் நடுவும் முதுகுத்தண்டும் ஒரே கோட்டில் இருந்தால் தலையணை பொருத்தம். தலை படுக்கையை நோக்கிச் சரிந்தால் தாழ்வு. கூரையை நோக்கி எழும்பினால் உயரம். தாழ்வாக இருந்தால், மடித்த துண்டு அல்லது போர்வையைத் தலையணைக்கு அடியில் வைத்து உயரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மல்லாந்து படுப்பவர், ஒரு பூந்துவாலையை உருளையாகச் சுருட்டித் தலையணை உறைக்குள் கீழோரமாக வைத்தால், கழுத்தின் வளைவுக்குத் தாங்கல் கிடைக்கும். ஒருக்களித்துப் படுப்பவர் முழங்கால்களுக்கு நடுவே இன்னொரு தலையணை வைத்துக்கொண்டால் உடல் முன்னால் உருண்டு குப்புறக் கவிழாது.

குப்புறப் படுக்கும் வழக்கத்தை ஒரே இரவில் விட முடியாது. அத்தகையோர் ஒரு பெரிய தலையணையை மார்போடு அணைத்து, பாதி ஒருக்களித்த நிலையில் படுக்கத் தொடங்கலாம். வயிற்றுக்கு அழுத்தம் கிடைக்கும் சுகம் இருக்கும். கழுத்தின் முறுக்கு பெரிதும் குறையும். இரவில் புரண்டுவிட்டோமே என்று வருந்த வேண்டியதில்லை. விழிப்பு வரும்போதெல்லாம் நிலையைத் திருத்திக்கொண்டால் போதும்; சில வாரங்களில் உடல் புதிய பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும்.

இத்துடன், காலையில் வலித்த இடத்தில் 15 நிமிடம் வெந்நீர்ப்பை ஒத்தடம். வலி மிகாத அளவுக்குத் தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புதல். முகவாயைப் பின்னால் இழுத்து ஐந்து எண்ணி விடுதல். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து விடுதல். இவை போதும். வலிக்கிறதே என்று கழுத்தை அசையாமல் வைத்திருப்பது நல்லதன்று. ஸ்கூட்டரில் செல்வோர் பலர் கழுத்துப்பட்டை அணிந்து செல்லும் காட்சி ஒரு காலத்தில் நம் தெருக்களில் மிகப் பழகியது. மருத்துவர் சொன்னாலன்றி அதை வாரக்கணக்கில் அணியக் கூடாது. தாங்கலுக்குப் பழகிய தசை வலுவிழக்கும்.

எந்தச் செலவு வீண், எந்தச் செலவு ஆபத்து?

மெத்தை விளம்பரங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். "ஆர்த்தோபீடிக்" என்ற சொல் உறையில் அச்சிடப்பட்டிருப்பதால் அந்த மெத்தையை உங்கள் எலும்பு மருத்துவர் பரிந்துரைத்ததாக ஆகிவிடாது. முதுகுக்கும் கழுத்துக்கும் பலகை போன்ற கெட்டிப் படுக்கையே நல்லது என்ற நம்பிக்கையும் நம்மிடம் வலுவாக வேரூன்றியுள்ளது. ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்புவலி கொண்ட 313 பேரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களே கூடுதல் நலம் கண்டனர். அது இடுப்புவலி பற்றிய ஆய்வு. கழுத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும், "கெட்டியானால் நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுவோர் ஒரு கணம் நின்று யோசிக்க அது போதும். நடுவில் குழி விழுந்த மெத்தையை மாற்றத்தான் வேண்டும். மற்றபடி, 14 நாள் சோதனை முடியும் வரை தவணைப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

அடுத்தது ஸ்கேன். எம்.ஆர்.ஐ. படத்தில் "தட்டு பிதுங்கியிருக்கிறது" என்ற வரியைப் படித்து நடுங்கிப்போகாதவர் குறைவு. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொல்லையும் இல்லாத 1,211 பேருக்கு ஸ்கேன் எடுத்து, 2015இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதத்தினருக்குத் தட்டுப் பிதுக்கம் இருந்தது. இருபது வயதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இருந்தது. நரை விழுவது போல வயதின் அடையாளமாகவே இது பலரிடம் வருகிறது. படத்தில் பிதுக்கம் தெரிவதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட இயலாது. தேவையான நேரத்தில் ஸ்கேன் உயிர் காக்கும் கருவி. தேவையற்ற நேரத்தில் அச்சத்தை விலைக்கு வாங்கும் வழி. எது தேவையான நேரம் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

மூன்றாவது வலி மாத்திரை. ஓரிரு நாள் வேதனையைத் தணிக்க மருத்துவர் தரும் மாத்திரையைக் குறை சொல்வதற்கில்லை. அதையே சீட்டில்லாமல் மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவதுதான் கேடு. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் நெடுநாள் உட்கொள்வோருக்கு இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கலாம். இரத்த அழுத்தத்தை ஏற்றலாம். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ள முதியோருக்கு இந்த ஆபத்து இரட்டிப்பாகும். இரவுதோறும் தவறாகப் படுத்து, காலைதோறும் மாத்திரை போடுபவர், ஓட்டை வாளியில் நீர் இறைப்பவரைப் போன்றவர். அவருக்குக் கிணறும் வற்றிப்போகிறது.

எல்லாவற்றினும் அஞ்ச வேண்டியது கழுத்தைச் "சொடுக்கு எடுப்பது". முடிதிருத்தும் கடையில் வேலை முடிந்ததும் தலையைப் பிடித்து இருபுறமும் வெடுக்கென்று திருப்பும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. சொடுக்கென்ற ஒலியோடு ஒரு கண நேர இதம் கிடைப்பதால் அதை வைத்தியம் என்று நம்புகிறார்கள். மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் இரு தமனிகள் கழுத்து முள்ளெலும்புகளில் மேல் ஆறின் பக்கத் துளைகள் வழியே ஏறிச் செல்கின்றன. கழுத்தின் முன்புறம் இரு பெரும் தமனிகள் செல்கின்றன. வெடுக்கென்ற திருப்பலில் இவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். 2024இல் நம் கர்நாடகத்திலேயே, முடிதிருத்தும் இடத்தில் இவ்வாறு கழுத்தைத் திருப்பியதால் ஓர் இளைஞருக்குப் பக்கவாதம் ஏற்பட்ட செய்தி நாளேடுகளில் வந்தது. இலவசமாகக் கிடைக்கும் சேவைகளில் மிகுந்த விலை உடையது இதுவாக இருக்கக்கூடும். முடி வெட்டியதும், "கழுத்து வேண்டாம்" என்று சொல்லி எழுந்துவிடுவது நல்லது.

யோக நகரில் ஒரு பாடம்

மைசூரு என்றால் யோகம் என்று உலகம் அறியும். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் 1933இல் தொடங்கிய யோகசாலையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்தார். அவரிடம் பயின்றவர்களில் பட்டாபி ஜோயிஸ் இவ்வூரிலேயே தங்கிக் கற்பித்தார், பி.கே.எஸ். ஐயங்கார் 1937இல் புணேவுக்குச் சென்றார். கழுத்துவலிக்காரர்க்கு நாம் தயங்காமல் தரும் அறிவுரை "யோகா செய்யுங்கள்" என்பது. அறிவுரை சரியே, அரைகுறையாகப் பின்பற்றினால் தீங்காகும்.

ஐயங்கார் முறையில் சர்வாங்காசனம் செய்யும்போது, மடித்த கம்பளிகளைத் தோள்களுக்கு அடியில் அடுக்குவார்கள். தோள் உயர்ந்து, தலை சற்றுத் தாழ்ந்த தரையில் இருப்பதால், கழுத்து அளவுக்கு மீறி மடங்குவதில்லை. உடலைக் கம்பளிக்கு ஏற்ப வளைக்காமல், கம்பளியை உடலுக்கு ஏற்ப அடுக்கும் அந்த அறிவையே நம் தலையணைக்கும் பயன்படுத்த வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் மடித்த கம்பளியில் கண்ட தீர்வை, நாம் ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தேட வேண்டியதில்லை. அதே நேரத்தில் ஓர் எச்சரிக்கை: கழுத்துவலி உள்ளவர்கள் காணொளியைப் பார்த்துச் சிரசாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் தாமாக முயலக் கூடாது. தேர்ந்த ஆசிரியரிடம் வலியைச் சொல்லி, அதற்கேற்ற எளிய பயிற்சிகளைக் கேட்டுப் பெற வேண்டும்.

எந்தப் படுக்கை யாருக்கு?

கழுத்துவலியைத் தனி ஒருவரின் தொல்லையாகவே பேசுகிறோம். ஒரு வீட்டில் யார் எங்கே படுக்கிறார்கள் என்பது குடும்பம் எடுக்கும் முடிவு. அந்த முடிவைப் பெரும்பாலும் யாரும் எடுத்ததாகவே நினைவிருக்காது. மகனும் மருமகளும் பேரக்குழந்தைகளும் வந்துவிட்டால், வீட்டின் மூத்தவர் கூடத்துச் சோஃபாவுக்குப் போய்விடுகிறார். சோஃபாவின் கைப்பிடியே தலையணை. அது பத்து அங்குல உயரம் இருக்கும். கழுத்தைச் செங்குத்தாக மடக்கும். "எனக்கு இது போதும்" என்று அவர் சொல்வார். அந்தச் சொல்லை நம்பிவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது.

கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய் இரவெல்லாம் ஒரே பக்கம் திரும்பி, தன் கையையே தலைக்கு வைத்துப் படுத்திருப்பார். குழந்தையைப் பார்க்க வருவோர் குழந்தைக்குச் சட்டையும் தொட்டிலும் கொண்டுவருகிறார்கள். தாயின் தோளுயரத்துக்குப் பொருத்தமான ஒரு தலையணையும், முதுகுக்குப் பின்னால் சாய்ந்துகொள்ள இன்னொன்றும் பரிசாகத் தந்தால், அதன் பயனை அவர் ஒவ்வோர் இரவும் உணர்வார். பாலூட்டும்போது குழந்தையை நோக்கிக் கழுத்தைக் குனியாமல், தலையணையால் குழந்தையை மார்பளவுக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பதையும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தரலாம்.

நெஞ்செரிச்சலாலோ மூச்சுத்திணறலாலோ தலையை உயர்த்திப் படுக்கச் சொல்லப்பட்ட முதியோருக்கு, இரண்டு மூன்று தலையணைகளைத் தலைக்கு மட்டும் அடுக்குகிறோம். தலை மட்டும் மடிந்து, உடல் கீழேயே கிடக்கும். நெஞ்சுக்கும் பயனில்லை, கழுத்துக்கும் கேடு. உயர வேண்டியது மேலுடல் முழுவதும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டைகளை வைத்தோ, முதுகிலிருந்தே சாய்வாக எழும் ஆப்பு வடிவத் தலையணையைப் பயன்படுத்தியோ இதைச் செய்யலாம்.

பயணத்தில் உறங்குவோருக்கும் இது பொருந்தும். சென்னைக்குச் செல்லும் காவேரி எக்ஸ்பிரஸில் படுக்கை கிடைத்தவர், கைப்பையைத் தலைக்கு வைக்காமல், மடித்த போர்வையை வைக்கலாம். அமர்ந்து செல்பவர், சன்னலில் தலை சாய்க்காமல், கழுத்தைச் சுற்றி அணியும் தலையணையைப் பயன்படுத்தலாம். அதன் தடித்த பகுதி முகவாயின் கீழ் வருமாறு முன்புறம் திருப்பி அணிந்தால், தலை முன்னால் கவிழ்வது தடைபடும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

இவ்வளவும் சொன்னதால், எல்லாக் கழுத்துவலியும் தலையணையால் தீரும் என்று எவரும் கொள்ள வேண்டாம். கையிலோ விரல்களிலோ மரத்துப்போதல், பிடி தளர்தல், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் மலக் கட்டுப்பாடு குறைதல் ஆகியவை நரம்போ தண்டுவடமோ அழுந்துவதன் அறிகுறிகள். விபத்துக்கோ விழுந்ததற்கோ பின் வந்த வலி, காய்ச்சலுடன் வந்த வலி, காரணமின்றி உடல் மெலிவதோடு வரும் வலி, இரவில் எந்த நிலையிலும் தணியாத வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வந்த வலி ஆகியவற்றுக்கும் 14 நாள் சோதனை பொருந்தாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்கேன் தேவைப்படும் நேரம் இதுதான். திடீரெனக் கழுத்திலும் தாடையிலும் இடக்கையிலும் பரவும் வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால், அது இதய நோயாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

இந்த அறிகுறிகள் இல்லாத வலி, படுக்கையைத் திருத்திய பின்னும் சில வாரங்களில் குறையவில்லையெனில், மருத்துவரிடமும் பின்னர் அவர் சொல்லும் பிசியோதெரபி நிபுணரிடமும் செல்வது அடுத்த படி. இங்கே செலவிடத் தயங்க வேண்டாம். தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளைக் கற்றுக்கொள்ள ஆகும் தொகை, ஒரு விலையுயர்ந்த மெத்தையின் விலையில் சிறு பங்கே. நம் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. வெளிநோயாளியாகப் பெறும் பிசியோதெரபிக்குத் தனிப் பிரிவு இருந்தாலன்றித் தருவதில்லை. காப்பீட்டைப் புதுப்பிக்கும் காலத்தில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது முன்யோசனை. இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை இத்தகைய வெளிச் சிகிச்சைக்கென்று ஒதுக்கி வைப்பது, மாத்திரையிலேயே காலந்தள்ளும் நிலையைத் தவிர்க்க உதவும்.

கவனிப்பு முதலில், திருத்தம் அடுத்து, நிபுணர் ஆலோசனை அதன் பின், பொருள் வாங்குவது கடைசியில். இதுவே நாம் பரிந்துரைக்கும் வரிசை. அபாய அறிகுறி இருந்தால் மட்டும் வரிசையை உடைத்து மருத்துவரிடம் ஓட வேண்டும். இந்த வாரம் ஓர் இரவு, வீட்டார் அனைவரும் உறங்கிய பின், ஒருமுறை சுற்றிப் பாருங்கள். யாருடைய தலை மடிந்து கிடக்கிறது, யாருடைய தலையணை அப்பளமாக அமுங்கியிருக்கிறது, யார் தலையணையே இல்லாமல் கையை மடித்துப் படுத்திருக்கிறார் என்று கவனியுங்கள். வீட்டின் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் தம் வலியைத் தாமாகச் சொல்லமாட்டார்.